லெஃப்ட் பேக்குக்கு நான் எழுதிய அட்டை

எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. பந்தை ஒருமுறைகூடக் காலால் உதைத்ததில்லை. ஆனாலும் எங்கள் கல்லூரி அணியைப் பற்றி என்னிடம் வாய்கொடுத்தவர்கள் அவ்வளவு சுலபத்தில் தப்பித்துப் போனதில்லை. நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து முதல் மாடியின் கடைசி ஜன்னலோரம்தான் என் மேசை. ஜன்னலுக்கு நேர் கீழே மைதானம். மாலை நான்கு மணிக்கு மேல் புத்தகம் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். ஐந்தரைக்குப் பூட்டினால் போதும். அந்த ஒன்றரை மணி நேரமும் எனக்குச் சம்பளம் கொடுத்து ஆட்டம் பார்க்க வைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தப் பைத்தியம் பிறந்த வீட்டில் பிடித்ததில்லை. முத்தியால்பேட்டையில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து டி.வி.யில் ஆட்டம் பார்த்தால், மதியச் சமையலில் பாதியை மாமியாரே முடித்துவிடுவார் என்பதைக் கல்யாணமான இரண்டாவது மாதமே கண்டுபிடித்தேன். சோம்பலில் தொடங்கியதுதான். பிறகு உண்மையாகவே பிடித்துப்போயிற்று. ஆஃப்சைடு என்றால் என்னவென்று என் கணவருக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் தோற்ற அந்த ஜூலையில் மாமனார் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. கல்லூரி திறந்துவிட்டது, எனக்கென்று ஓர் அணி இருந்தது.

அந்த வருஷத்து சீசனின் தொடக்கத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முன்னால் அட்டைகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் நூலகத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை அப்போது நான்காவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. புத்தகத்துக்கு ஒன்று என்று மர இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருந்த பழைய அட்டைகள் ஆயிரக்கணக்கில் வேண்டாததாகிப் போயின. உள்ளங்கை அளவு, கெட்டியான தாள், ஒரு பக்கம் தட்டச்சு, மறுபக்கம் வெறுமை. தூக்கி எறிய மனம் வரவில்லை. உடற்கல்வி இயக்குநரை நாங்கள் பி.டி. சார் என்போம். சனிக்கிழமைதோறும் விளையாட்டுப் பக்கம் படிக்க நூலகத்துக்கு வருவார். ஒரு சனிக்கிழமை அவர் விளையாட்டாக, "மேல உக்காந்து தினம் பாக்கறீங்களே மேடம், நம்ம டீம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். நானும் விளையாட்டாகப் பதினோரு அட்டைகளை எடுத்து, ஆளுக்கு ஒன்றாக எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பையனின் பெயர், புத்தக எண்ணின் இடத்தில் சட்டை எண், கீழே என் குறிப்பு.

அது வழக்கமாகிவிட்டது. சீசன் தொடங்கி இரண்டு பயிற்சி ஆட்டங்கள் முடிந்ததும் பி.டி. சார் கவுண்டரில் நின்றபடி கையை மட்டும் நீட்டுவார். நான் அட்டைக் கட்டை எடுத்துக் கொடுப்பேன். பையன்களுக்கும் இது தெரியும். ஜூலை வந்தால் நூலகத்தில் எனக்கு வணக்கம் வைக்கிறவர்களின் எண்ணிக்கை கூடிவிடும். தாமதமாகத் திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்கு அபராதம் கேட்டால்கூட முணுமுணுக்காமல் கட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு இது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்வதில் இப்போது என்ன வெட்கம்?

அந்த வருஷத்து அட்டைகளைச் சந்தோஷமாகவே எழுதினேன். எங்கள் கல்லூரி காலாப்பட்டில் நடக்கும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் முதல் சுற்றைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த முறை அணி நிஜமாகவே நன்றாக இருந்தது. கோல்கீப்பருக்குக் கை நல்லது, வாய் அதைவிட நல்லது. அவன் போடும் சத்தத்தில் முன்னால் நின்று தடுக்கும் பேக்குகள் யாரும் கண் அசர முடியாது என்று எழுதினேன். நடுவில் ஆடும் கேப்டன் தலைமுடியைக் கோதிக்கொள்வதை நிறுத்தினால் ஆட்டத்துக்கு ஐந்து நிமிஷம் மிச்சமாகும். அரியாங்குப்பத்திலிருந்து வரும் ஃபார்வர்டுக்கு வேகம் உண்டு, குறி உண்டு. பந்தை அடுத்தவனுக்குக் கொடுப்பது பாவம் என்று மட்டும் யாரோ சின்ன வயதில் சொல்லிவிட்டார்கள். நடு பேக் ராசிக்காரன், அவன் நிற்கும் இடத்துக்குப் பந்து தானாகவே வந்து சேர்கிறது என்று எழுதினேன். அதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன், ஏனென்றால் அந்த வரிக்காகப் பின்னால் நான் வெட்கப்பட வேண்டியிருந்தது.

கடைசியாக லெஃப்ட் பேக், கோலுக்கு முன்னால் இடது பக்கத்தைக் காக்கிறவன். பிள்ளைச்சாவடிப் பையன், வரலாறு இரண்டாம் ஆண்டு, அணிக்கு அந்த வருஷம்தான் புதிது. ஒல்லி, கறுப்பு, யாரோடும் அதிகம் பேசாதவன். நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்தால் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பாகவே கொண்டுவந்து வைத்துவிடுவான். அதற்காக நான் சலுகை காட்டவில்லை. இரண்டு ஆட்டங்களிலும் முதல் பாதியில் அவன் என் கண்ணிலேயே படவில்லை. இரண்டாவது பாதியில்தான் எதிர்ப்பக்கம் அங்கே இங்கே ஓடிக்கொண்டிருந்தான். வருஷக் கடைசியில் புத்தக இருப்பைச் சரிபார்க்கும்போது, அலமாரியில் இல்லாத புத்தகத்துக்கு நேராக ஒரு சொல் எழுதுவோம். அதையே எழுதினேன்: "பாதி நேரம் காணவில்லை. மாற்றுவது நலம்."

திங்கட்கிழமை பி.டி. சார் அவனை முதல் அணியிலிருந்து எடுத்து இரண்டாம் அணிக்கு அனுப்பிவிட்டார். என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோயிற்று. வீட்டுக்குப் போய் மாமனாரிடம் சொன்னேன். பிரான்ஸ் தோற்ற துக்கத்திலிருந்து மெல்ல மீண்டுகொண்டிருந்த அவர், என்னைப் போன்ற ஓர் ஆள் அங்கே பயிற்சியாளருக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் கோப்பை கைக்கு வந்திருக்கும் என்றார். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்த வாரம்தான் நூலகத்துக்கு ஏ.சி. வந்தது. எனக்கில்லை, கம்ப்யூட்டருக்கு. குளிர் வெளியே போகக்கூடாது என்று வந்த ஆட்கள் என் ஜன்னலை இழுத்து மூடி, கண்ணாடியில் கறுப்பு நிறத்தில் எதையோ ஒட்டிவிட்டார்கள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். நூலகர் கணக்குப் பார்க்கிற மனிதர், ஜன்னல் பார்க்கிறவரில்லை. வியாழக்கிழமை நான்கு மணிக்கு முதல் அணிக்கும் இரண்டாம் அணிக்கும் ஆட்டம் என்று தெரியும். கோபத்தில் சாவிக்கொத்தைச் சக ஊழியரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். அத்தனை வருஷத்தில் மைதானத்தின் ஓரமாக நான் போய் நின்றது அதுதான் முதல் தடவை.

வெயில் குறையவில்லை. மைதானத்தின் ஓரத்தில், எங்கள் கட்டடத்துப் பக்கம், ஒரு மூலையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. அதன் நிழலில் சைக்கிள்கள் நிற்கும். நானும் அங்கே போய் ஒரு சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் அணிக்கு முதல் பாதியில் இந்தப் பக்கத்து கோல். நான் நின்ற மூலைக்கு நேராக, பத்தடி தூரத்தில், அந்தப் பிள்ளைச்சாவடிப் பையன்.

அரியாங்குப்பத்து ஃபார்வர்டு பந்தோடு அவனை நோக்கி வந்தான். வருகிற வேகத்தைப் பார்த்து நானே ஓரடி பின்னால் போனேன். பையன் பாயவில்லை, விழவில்லை. ஒரு பக்கமாகத் திரும்பி நின்று, வந்தவனைக் கோட்டுப் பக்கமாகவே போகவிட்டு, கோடு நெருங்கியதும் காலை நீட்டிப் பந்தை எடுத்துக்கொண்டான். எடுத்த கையோடு, தலை நிமிராமல், தன் பக்கத்து நடு பேக்கின் காலுக்குத் தள்ளிவிட்டான். அவ்வளவுதான். கைதட்டும்படியாக அதில் எதுவுமில்லை. ஃபார்வர்டு திரும்பி வந்தான், மறுபடியும் அதேதான். அரை மணி நேரத்தில் ஏழெட்டு தடவை அவன் அந்த வழியாக வந்திருப்பான். ஒரே ஒரு தடவை தாண்டிப் போனான். அப்போதும் இவன் விரட்டிக்கொண்டு போய்ப் பந்தை வெளியே தட்டிவிட்டான். மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நான் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து என் ஜன்னலைத் தேடினேன். ஜன்னல் இல்லை. தலைக்கு மேல் இலைதான். கிளைகள் அந்த மூலை முழுவதையும் மூடிக்கொண்டு நின்றன. மேலே உட்கார்ந்து இத்தனை வருஷம் நான் பார்த்தது மைதானமில்லை, இந்த மரம் விட்டுவைத்த மைதானம். தினமும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதில் மரம் ஒன்று அங்கே இருப்பதே என் மனசில் ஏறவில்லை. எங்கள் அணி இந்தப் பக்கத்து கோலைக் காக்கும் பாதியில் லெஃப்ட் பேக் நிற்கும் இடம் இந்த மூலைதான். நடு பேக்கிடம் பந்து தானாக வந்து சேரவில்லை, இந்த இலைகளுக்கு அடியிலிருந்து ஒருவன் எடுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

அடுத்து நினைவுக்கு வந்தது இன்னும் மோசம். முந்தின வருஷத்து லெஃப்ட் பேக்கையும் சோம்பேறி என்று எழுதியிருந்தேன். அதற்கு முந்தின வருஷத்தவனையும். அந்த இடத்துக்கு வருகிற பையன்களே ஏனோ இப்படி அமைகிறார்கள் என்று பி.டி. சாரும் நானும் தலையை ஆட்டி வியந்திருக்கிறோம். அந்த இரண்டு பேரும் படிப்பு முடிந்து எங்கெங்கோ போய்விட்டார்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வழியில்லை.

இடைவேளை விசில் ஊதியதும் நேராக பி.டி. சாரிடம் போனேன். வார்த்தையை மென்று விழுங்குகிற பழக்கம் எனக்கில்லை. அந்த மூலை எனக்கு மேலேயிருந்து தெரியாது, நான் எழுதியது தப்பு, அவனைத் திரும்ப எடுங்கள் என்று சொன்னேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார், பிறகு மூடிய என் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் விசிலோட பந்து பின்னாடியே ஓடறவன் மேடம். மேலேர்ந்து பாக்கறவங்களுக்குத்தான் முழுசாத் தெரியும்னு உங்கள நம்பினேன்," என்றார். அதில் கோபமில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அதோடு போகவில்லை. காலாப்பட்டுப் போட்டிக்குப் பதினாறு பேர் கொண்ட பட்டியல் மறுநாள் காலையில் போய்ச் சேர வேண்டும். அதில் பெயர் இல்லாதவன் அந்த சீசன் முழுவதும் ஆட முடியாது. பட்டியல் தட்டச்சாகி, முதல்வர் கையெழுத்தும் ஆகி, பி.டி. சாரின் பையில் இருந்தது. அதில் பிள்ளைச்சாவடிப் பையன் இல்லை. போட்டியில் ஆடிய சான்றிதழ் நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவனுக்கு உதவும், அதற்காகத்தான் மழையானாலும் வெயிலானாலும் அவன் பயிற்சிக்கு வந்தான் என்று சார் சொன்னார். முதல்வர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். மணி அப்போது நாலு நாற்பது.

பட்டியலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். என் ஜன்னலைப் பறித்த அந்தக் கம்ப்யூட்டரில்தான் அதைத் திரும்ப அடித்தேன். பதினாறாவதாக இருந்தவன் பயிற்சிக்கே வராத ஒருவன், அவனை எடுத்துவிடலாம் என்று சாரே சொல்லியிருந்தார். பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. நூலகர் என்ன ஏது என்று கேட்டார், நான் காகிதத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். முதல்வர் அறை வாசலை அடைந்தபோது அவர் சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்துவிட்டார். ஒரு பட்டியலுக்கு எத்தனை தடவை கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். பிழை என்னுடையது, திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். கால்பந்துப் பட்டியலில் நூலகத்துக்காரிக்கு எப்படிப் பிழை வரும் என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் அவசரம் அவருக்கு. போட்டுக் கொடுத்தார்.

முதல் சுற்று ஆட்டத்துக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காலாப்பட்டுக்குப் போனேன். அலுவலகத்தில் வயிற்று வலி என்று எழுதிக் கொடுத்தேன், பாதி உண்மைதான். அங்கே மரமுமில்லை மாடியுமில்லை, கடற்காற்று மட்டும் புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. முதல் பாதியில் லெஃப்ட் பேக் இருந்த பக்கத்துக் கோட்டோரம் நின்றேன். இடைவேளையில் குடையைச் சுருட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்து, அவன் இடம் மாறிய பக்கத்துக்குப் போய் நின்றேன். ஆட்டம் முழுவதும் அவனை என் கண்ணிலிருந்து விடவில்லை. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எதிரணியின் வலது பக்கத்து ஆள் போகப் போகச் சலித்துப்போய் வேறு பக்கமாக ஆடத் தொடங்கினான், அது தெரியும். கடைசிப் பத்து நிமிஷத்தில் அரியாங்குப்பத்துப் பையன் என் கண்ணையே நம்ப முடியாதபடி பந்தைக் கேப்டனுக்குக் கொடுத்தான், கேப்டன் உள்ளே அடித்தான். ஒன்றுக்குப் பூஜ்யம். நான் குடையால் தரையைக் குத்திக் குத்திக் குழி பறித்திருந்தேன்.

அடுத்த சுற்றில் தோற்றோம். அதைப் பற்றி எனக்குப் பெரிய குறையில்லை, நான் பார்த்த காலத்தில் எங்கள் அணி போன தூரம் அதுதான்.

ஆனால் முதல் சுற்று முடிந்த அந்த மாலையைச் சொல்ல வேண்டும். பையன்கள் வேனில் பாட்டும் கூத்துமாக டவுனுக்குக் கிளம்பினார்கள். வேனில் நெருக்கம், வீடு பக்கத்திலேயே இருந்ததால் அவன் பஸ்ஸுக்கு நின்றான். நானும் நின்றேன். சென்னையிலிருந்து வந்த பஸ்ஸில் இடம் இல்லை, ஏறி நின்றுகொண்டோம். பிள்ளைச்சாவடிக்குக் கொஞ்ச தூரம்தான். தாமதித்தால் சொல்லாமலே போய்விடுவேன் என்று தெரிந்தது. மரத்தைப் பற்றிச் சொன்னேன். மேலேயிருந்து பார்த்தால் அவன் நின்ற இடம் எனக்குத் தெரிந்ததே இல்லை என்று சொன்னேன். அவன் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டான். பி.டி. சார் அந்த அட்டையை அவனிடம் காட்டியிருந்தாராம். ஏன் போய் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை என்று கேட்டேன். நானாக இருந்தால் மைதானத்தையே இரண்டாக்கியிருப்பேன்.

"ஓடிக்கினுதான் இருக்கேன்னு எனக்குத் தோணும் மேடம்," என்றான். "ஆனா லைப்ரரி மேடமே எழுதியிருக்காங்க. அப்ப நான் ஓடல போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

நடத்துநர் பிள்ளைச்சாவடி என்று குரல் கொடுத்தார். பையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிப் பக்கம் நகர்ந்தான். நான் அவன் பின்னாலேயே போய், சுற்றி நின்ற ஜனங்களைப் பொருட்படுத்தாமல் சத்தமாகவே சொன்னேன்.

"நீ ஓடினேப்பா. நான்தான் பாக்கல."

அவன் கடைசிப் படியில் நின்று திரும்பினான்.

"அப்ப ஓடித்தான் இருக்கேன்," என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டான். பிறகு இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடலுக்குப் போகும் தெருவில் நடந்து போனான்.